அமெரிக்கத் தொலைக்காட்சியில் நூலாசிரியர்களை ஒரு மணி நேரம் பேசவிடுவது எப்படிச் சாத்தியமாகிறது?

விளம்பர இடைவேளையின்றி அரசியல், வரலாற்று நூல்களைப் பற்றிய நீண்ட உரையாடல்களை, அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் காட்டும் தொலைக்காட்சி நிறுவனமான சி-ஸ்பான் எவ்வாறு ஒளிபரப்ப முடிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்காரணம் பணம் வந்த வழிதான். 1979இல் பிரையன் லாம்ப் முன்முயற்சியில் தொடங்கிய இந்நிறுவனம், அரசு நிதியையோ விளம்பரத்தையோ நம்பாமல், கேபிள் நிறுவனங்கள் தம் சந்தாதாரர் எண்ணிக்கைக்கேற்பச் செலுத்திய கட்டணத்தில் வளர்ந்தது; எனவே பார்வையாளர் எண்ணிக்கையைத் துரத்தும் நெருக்கடி அதற்கு இல்லை.

1989 முதல் 2004 வரை லாம்ப் நடத்திய 'புக்நோட்ஸ்' நிகழ்ச்சியில் ஓர் எழுத்தாளருக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்பது விதி. நூலை முழுவதும் படித்துவிட்டு வந்து, தம் கருத்தை வெளிக்காட்டாமல், எங்கே அமர்ந்து எழுதினீர்கள், யாருக்குக் காணிக்கையாக்கினீர்கள் என்பன போன்ற எளிய வினாக்களையே அவர் கேட்பார். சிலருக்கு அது சப்பென்று தோன்றலாம். ஆனால் ஓர் அதிபரின் வாழ்வைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞரைத் தயக்கமின்றிப் பேசவைத்தவை அவ்வினாக்களே என்பது என் எண்ணம்.

1998இல் சி-ஸ்பான் 2 அலைவரிசையின் வார இறுதி முழுவதும் 'புக் டிவி' ஆயிற்று. அங்கே புனைகதைக்குப் பெரும்பாலும் இடமில்லை. பின்னர் வந்த 'ஆஃப்டர் வேர்ட்ஸ்' நிகழ்ச்சியிலோ, பொருளறிந்த இன்னொருவரே ஆசிரியரைப் பேட்டி காண்கிறார். கேபிள் சந்தாக்கள் குறைந்துவருவதால் இப்போது இந்த நிதி ஏற்பாடும் ஆட்டம் கண்டிருக்கிறது.