வாசகர் கேள்வி–பதில்: கண்ணாடியின் மேல் ஒரு சர்க்யூட்

கேள்வி: எங்கள் டிவி திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், சர்க்யூட் கண்ணாடியிலேயே இருப்பதால் பேனலைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். கண்ணாடியில் எப்படிச் சர்க்யூட் இருக்க முடியும்?
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. எல்சிடி திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், அதாவது நுண்ணிய மின் சுவிட்ச், கண்ணாடியின் மேலேயே மெல்லிய சிலிக்கான் படலமாகப் படியவைக்கப்படுகிறது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்டி திரையில் இப்படி 62 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

இவற்றை வரிசை வரிசையாகத் திறந்து மூடுவது கேட் டிரைவர். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குச் சைகையைக் கைமாற்றுவதே அதன் வேலை என்பதால், மந்தமான சிலிக்கானே அதற்குப் போதும். ஆகவே பல பேனல்களில் அதையும் கண்ணாடியின் ஓரத்தில், புள்ளிகளின் டிரான்சிஸ்டர்களோடு சேர்த்தே உருவாக்கிவிடுகிறார்கள். சிப் செலவும் மிச்சம், திரையின் விளிம்பும் ஒடுங்குகிறது. நெடுக்கு வரிகளுக்கு உரிய மின்னழுத்தத்தை அனுப்பும் சோர்ஸ் டிரைவரின் கதை வேறு. 5,760 நெடுவரிகளுக்கும் பிசகாத அளவுகளை, வினாடியின் லட்சத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் தர வேண்டியிருப்பதால், டிவிகளில் அது பெரும்பாலும் தனிச் சிப்பாக, வளையும் பிலிமில் பொருத்தப்பட்டு, கண்ணாடியின் ஓரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டப்படுகிறது.

உங்கள் திரையில் விழுந்திருப்பது நெடுக்குக் கோடு. பிலிமின் ஒட்டு விட்டுப்போயிருந்தால், பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடையில் அதை மீண்டும் ஒட்டிப் பார்க்கலாம். கண்ணாடியின் மேலுள்ள நெடுவரியே அறுந்திருந்தால் பேனலை மாற்றத்தான் வேண்டும். எனவே, பிலிம் ஒட்டியிருக்கும் இடத்தை மெதுவாக அழுத்தினால் கோடு மறைகிறதா என்று மெக்கானிக்கையே சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் பாயும் நிலையில் நீங்களாகப் பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் ஒரு கம்ப்யூட்டரையே கண்ணாடியில் செய்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: செய்தே காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் ஷார்ப் நிறுவனமும் செமிகண்டக்டர் எனர்ஜி லேபரட்டரியும் சேர்ந்து, இசட்80 என்னும் 8 பிட் செயலியைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருவாக்கியதாக 2002 அக்டோபரில் அறிவித்தன. அதில் சுமார் 13,000 டிரான்சிஸ்டர்கள். வேகம் 3 மெகாஹெர்ட்ஸ். 1976-இல் சிலிக்கான் சிப்பாக வெளிவந்த மூல இசட்80-இன் வேகம் 2.5 மெகாஹெர்ட்ஸ். அதாவது, சாதாரணச் சிப்கள் கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்ட காலத்தில், கண்ணாடி கால் நூற்றாண்டு பின்னே நின்றது.

காரணம் வெப்பத்தில் தொடங்குகிறது. நல்ல டிரான்சிஸ்டருக்குச் சிலிக்கான் அணுக்கள் படிகமாக ஒழுங்குபட வேண்டும். சிப் தொழிற்சாலைகளில் 1,000 டிகிரி வரை சூடேற்றுவது சாதாரணம், ஆனால் பேனல் கண்ணாடி 600 டிகிரியைத் தாண்டினாலே தளர்ந்து சுருங்கத் தொடங்கும். இதற்குப் பரவலாகக் கையாளப்படும் வழி லேசர்: புற ஊதாத் துடிப்பு ஒன்று வினாடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரம் மட்டுமே பட்டு, மேலுள்ள படலத்தை உருக்கிவிடும், அடியிலுள்ள கண்ணாடிக்குச் சூடு எட்டுவதற்குள் படலம் ஆறிப் படிகமாகிவிடும். அழகான உத்திதான். ஆயினும் படலம் ஒரே படிகமாக அமையாமல் சிறு மணிகளாகவே அமைவதால், ஒரு டிரான்சிஸ்டரைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. அந்த இசட்80-இன் சர்க்யூட் கோடுகள் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலானவை. அதே காலத்துச் சிப்களில் 0.13 மைக்ரான்.

என் கணிப்பில், இதைவிடப் பெரிய தடை வணிகம். பழுதான சிப்பை ஒட்டுவதற்கு முன்பே சோதித்து எறிந்துவிடலாம்; சர்க்யூட் கண்ணாடியிலேயே இருந்தால், அதில் ஒரு மூலை பழுதானாலும் பேனல் முழுவதும் குப்பைக்குப் போகும். ஆகவேதான், லேசரால் படிகமாக்கிய சிலிக்கானைக் கொண்ட இன்றைய செல்போன் திரைகளில்கூடக் கேட் டிரைவர் திரையின் ஓரத்திலேயே உருவாக்கப்பட, படத்தின் தரவைக் கையாளும் டிரைவர் தனிச் சிப்பாகவே நீடிக்கிறது.