பழைய வார்ப்பிரும்பு சிங்க்கைக் கழற்றிவிட்டு ஸ்டீல் சிங்க் மாட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையா?

செய்யலாம். தூக்குவதற்கு மட்டும் கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு சிங்க், ஒற்றைத் தொட்டியே 30 கிலோவுக்கு மேல் இருக்கும். இரட்டைத் தொட்டி 50 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. எல்லோரும் பயப்படுவது இந்த எடைக்குத்தான். ஆனால் வேலை சொதப்புவது பெரும்பாலும் புதுத் தொட்டியின் ஆழத்தில்.

அதனால் புதுசு வாங்கும் முன் டேப்போடு சிங்க்குக்குக் கீழே உட்காருங்கள். சுவருக்குள் போகும் கழிவுநீர்க் குழாய், மேடையின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பழைய தொட்டி 18 செ.மீ. ஆழம், புதியது 25 செ.மீ. என்றால் தண்ணீர் வெளியேறும் வாய் 7 செ.மீ. இறங்கிவிடும். அதற்குக் கீழே வேஸ்ட் கப்ளிங்கும் (தொட்டியின் ஓட்டையில் மாட்டும் வடிகால் இணைப்பு) ட்ராப்பின் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாய்) மேல்பகுதியும் உட்கார இன்னும் 12 முதல் 15 செ.மீ. தேவை. அங்கிருந்து சுவர் வரை குழாய் மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டத்தில் போக வேண்டும். ட்ராப்பின் வெளிவாய் சுவர்க் குழாயைவிடத் தாழ்ந்துபோனால் தண்ணீர் எப்போதும் குழாயில் தேங்கும், எண்ணெய்ப் பசை படியும், சில மாதத்தில் அடைப்பு. அப்போது சுவரை உடைத்துக் குழாயை இறக்குவதைவிட, ஆழம் குறைந்த தொட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம். குழாய் தரைக்குள் போகிறதென்றால் இந்தத் தலைவலி இல்லை.

மேடையில் உள்ள ஓட்டையையும் அடியிலிருந்து அளந்துவிடுங்கள். புது விளிம்பு அதைச் சுற்றிலும் ஒரு செ.மீ.யாவது மூட வேண்டும். ஓட்டை சின்னதாக இருந்தால் வெட்டிப் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கழற்றும்போது முதலில் ஆங்கிள் வால்வை, அதாவது சிங்க்குக்குக் கீழே சுவரில் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வை மூடுங்கள். பழைய வால்வு இறுகியிருந்தால் ரெஞ்ச் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், தண்டு முறிந்துவிடும். மெயின் வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். வாளியை வைத்து ட்ராப்பைக் கழற்றியதும் சுவர்க் குழாயின் வாயில் துணியைத் திணியுங்கள், இல்லாவிட்டால் சாக்கடை வாயு உள்ளே வரும். துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும்.

அடுத்து டார்ச் அடித்து, சிங்க் எதில் நிற்கிறது என்று பாருங்கள். மேலிருந்து இறக்கிய வார்ப்பிரும்பு சிங்க் பெரும்பாலும் தன் எடையிலும் ஓரப் பூச்சிலும்தான் நிற்கும், கிளிப் இருக்காது. கல்லுக்கு அடியில் ஒட்டிய வகையென்றால், கத்தியைத் தொடும் முன்பே கீழே மரக்கட்டையோ கார் ஜாக்கியோ முட்டுக் கொடுத்தாக வேண்டும். பூச்சு விட்ட நொடியில் மொத்த எடையும் கீழே இறங்கும்.

மெல்லிய கத்தியால் ஓரத்து சிலிக்கானைச் சுற்றிலும் அறுங்கள். வெள்ளை சிமென்ட் பூசியிருந்தால் உளியைச் சிங்க் பக்கம் சாய்த்துத் தட்டுங்கள். கல் பக்கம் சாய்ந்தால் ஓரம் பெயரும். பிறகு அடியிலிருந்து பலகை வைத்து ஜாக்கியால் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். 'பிடுக்' என்று பூச்சு விட்டதும் இடுக்கில் மரத்துண்டைச் செருகுங்கள், விரலை அல்ல. மேடையில் தடித்த போர்வையை விரித்து, இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி அதன் மேல் வையுங்கள். சம்மட்டியால் உடைத்தே எடுக்கலாம் என்பவர்களும் உண்டு. எனாமல் சில்லு கண்ணாடி போலத் தெறிக்கும், அதிர்ச்சியில் மேடைக் கல்லும் விரியலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தொட்டியைத் துணியால் மூடிச் செய்யுங்கள்.

பழைய சிலிக்கானை ஒரு துணுக்கும் விடாமல் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பழையதன் மேல் புதியது ஒட்டாது. தண்ணீர் திறக்கும் குழாயையும் வேஸ்ட் கப்ளிங்கையும் சிங்க் வெளியே இருக்கும்போதே மாட்டிவிடுவது முதுகுக்கு நல்லது. கப்ளிங்கில் தொட்டியின் அடியைத் தொடுவது ரப்பர் வாஷர், அதற்குக் கீழே வழுக்கும் அட்டை வாஷர், கடைசியில் நட். அந்த அட்டை வாஷரை விட்டுவிட்டால் நட் திரும்பும்போது ரப்பரையும் முறுக்கிச் சுருட்டிவிடும், கசிவு அங்கேதான் தொடங்கும்.

விளிம்பின் அடியில் 5 மி.மீ. தடிமனுக்கு சிலிக்கானை விட்டுப்போகாமல் இழுத்து, சிங்க்கை இறக்குங்கள். மார்பிள் மேடைக்கு அசிட்டிக் வகை சிலிக்கான் ஆகாது, கல்லை அரிக்கும். நியூட்ரல் வகை வாங்குங்கள். ஸ்டீல் சிங்க் லேசானது, அதைப் பிடித்து வைப்பது கிளிப்தான். எதிரெதிர் கிளிப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே இடத்தில் இறுக்கினால் விளிம்பு நெளிந்து இடைவெளி விழும். வழிந்ததைத் துடைத்துவிட்டு 24 மணி நேரம் காய விடுங்கள்.

டெஃப்லான் டேப் ஆங்கிள் வால்வின் மரைக்கு மட்டும். ட்ராப் நட்டில் கசிவைத் தடுப்பது வாஷர், டேப் சுற்றினால் அது சரியாக உட்காராது. கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும்.

சோதிக்கக் குழாயைச் சும்மா திறந்துவிட்டால் போதாது. தொட்டியை அடைத்து விளிம்பு வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். ஓவர்ஃப்ளோ துளை (விளிம்புக்குக் கீழே, மிகுதித் தண்ணீர் வெளியேறும் துளை) இருந்தால் தண்ணீர் அது வழியாகவும் ஒரு நிமிடம் போகட்டும். அதன் பின்பக்க மூட்டை யாரும் சோதிப்பதில்லை, தொட்டி நிரம்பி வழியும் நாளில்தான் அது ஒழுகுவது தெரியவரும்.