சிட்அவுட் வெளிச்சம் போதும்

வணக்கம் சார்,

நான் கேரள எல்லைக்குள், பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்காரி. வெகுநாளாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. என் மகளுக்கு 19 வயது. வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் கோயம்புத்தூரில் பி.காம். படிக்கிறாள். நல்ல உயரம். காலேஜில் யாரோ மாடலிங் பண்ணலாமே என்று சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து அதே நினைப்பு. கொச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிற ஏஜென்சிகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் விசாரித்தோம். மேக்கப், நாலு டிரெஸ், ஆல்பம் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்றார்கள். மாதிரிக்கு ஒரு படமும் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் என் மகளை எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை. ஆனால் ஏஜென்சி போட்டிருக்கும் விவரத்தில், மேக்கப் இல்லாமல் சாதாரணமாக எடுத்த படமே போதும் என்று இருக்கிறது. இதை நம்பலாமா? போனில் எடுத்து அனுப்பினால் இளக்காரமாக நினைக்க மாட்டார்களா? என் தம்பி நன்றாகப் படம் எடுப்பான். நீங்கள் விளம்பரப் படங்களில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். எடுத்த படங்களை உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

க., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள க.,

நம்பலாம். அவர்கள் கேட்பது அதைத்தான். 35,000 ரூபாயை இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

இந்த மாதிரிப் படங்களுக்குத் தொழிலில் 'டிஜிட்டல்ஸ்' என்று பெயர். பழைய ஆட்கள் இன்னமும் 'போலராய்டு' என்பார்கள். முன்பெல்லாம் ஏஜென்சிக்கு ஒரு பெண் வந்தால் சுவரோரம் நிறுத்தி போலராய்டு கேமராவில் நாலைந்து படம் எடுத்துவிடுவார்கள். படம் அங்கேயே கையில் வந்துவிடும். அதில் யாரும் கை வைத்துத் திருத்த முடியாது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. அந்த பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக 2008-ல் கம்பெனி அறிவித்தது. இப்போது அந்த வேலையைப் போன் செய்கிறது. எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை: திருத்தாத படம்.

படத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்று யோசியுங்கள். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கழுத்தும் காதும் கையும் வேண்டும். ஷாம்பு என்றால் முடி. பட்டுப்புடவை என்றால் உயரமும் தோளும். நாளைக்கு ஒரு கம்பெனி வந்து கேட்கும்போது எந்தப் பெண்ணைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார். மேக்கப் போட அவரிடமே ஆள் இருக்கிறது. போட்ட மேக்கப்பைப் படத்திலிருந்து கழித்துப் பார்க்கத்தான் அவருக்கு வழி இல்லை. ஸ்டுடியோ படத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது மேக்கப் போட்டவரின் திறமையை மட்டும்தான்.

ஸ்டுடியோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கல்யாண ஆல்பத்தில் ஊறியவர். மணப்பெண்ணின் மோவாயை இரண்டு விரலால் தொட்டு அரை அங்குலம் இடதுபக்கம் திருப்பி, 'கண்ணை மட்டும் இங்கே கொண்டு வாங்கம்மா' என்று சொல்கிற கை அது. கல்யாணத்துக்கு அது வேண்டும். இங்கே அந்த அரை அங்குலம்தான் தொந்தரவு. தாடை எப்படி, மூக்கு எப்படி என்று நேராகப் பார்க்க நினைப்பவருக்கு அது மறைத்துவிடுகிறது. அப்புறம் அந்த வெள்ளை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஆனால் முதலில் வெளிச்சம்.

உங்கள் வீட்டில் சிட்அவுட், அதாவது கூரை போட்ட முன்திண்ணை, இருக்கும். அதுதான் உங்கள் ஸ்டுடியோ. மகள் கூரை நிழலுக்குள், விளிம்பிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, முகம் வெளியே வானத்தைப் பார்க்கும்படி நிற்கட்டும். தம்பி வெளியே நின்று உள்ளே பார்த்து எடுக்கட்டும். வெயில் நேராக அவள் மேல் விழக் கூடாது. காலை எட்டரைக்கு மேல் பத்துக்குள், இல்லையென்றால் சாயங்காலம் நாலரை வாக்கில். உச்சிவெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும், பத்து வயது கூடிவிடும். ஆனி ஆடியில் மேகம் மூடிக் கிடந்தால் எந்த நேரமானாலும் சரி, வெளிச்சம் மெத்தென்று இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. முடி ஒரு நிமிடம் சொன்ன இடத்தில் நிற்காது. காற்று அடிக்கும் பக்கத்தில் வீட்டுச் சுவர் இருக்கும்படி ஒரு மூலையைப் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் கூடத்துக்குள் பெரிய ஜன்னலைப் பார்த்து நிற்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம்.

இனி நிறம். உங்கள் பக்கத்து வீடுகளில் சுவருக்கு இளம்பச்சையும் ரோஸும் அடித்திருப்பார்கள், தரையில் சிவப்பு ரெட்ஆக்ஸைடு. பார்க்கக் குளுமையாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைச் சுவரை ஒட்டி நின்றால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறும், சிவப்புத் தரை மோவாய்க்கு அடியில் செம்மையைத் தூக்கி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். வெள்ளையோ சாம்பலோ அடித்த சுவர் எது என்று பாருங்கள். இல்லையென்றால் வெள்ளைப் போர்வை ஒன்றைச் சுருக்கமில்லாமல் தேய்த்துப் பின்னால் கட்டுங்கள். முகத்தை மட்டும் எடுக்கும்போது காலடித் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். செம்மை போய்விடும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமையும் கொஞ்சம் குறைந்து தெரியும். இந்தியா முழுக்க விளம்பரப் படக்காரர்கள் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதே காரியத்துக்குத்தான்.

வெள்ளைச் சுவரில் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் இவ்வளவு வெள்ளை இருந்தால், வெளிச்சம் கூடிப்போய்விட்டது என்று போன் தானே முடிவு செய்து படத்தை இருட்டாக்கும். முகம் நிஜத்தைவிடக் கறுப்பாக விழும். அதைப் பார்த்துப் பயந்துதான் எல்லோரும் ஃபில்டரைத் தேடுகிறார்கள். போன் திரையில் மகளின் முகத்தை ஒருமுறை தொடுங்கள், பெரும்பாலும் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை வெளிச்சம் கூடும் பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். அவள் நேரில் என்ன நிறமோ அது வந்துவிடும். வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். மாநிறம், கறுப்பு என்பதற்காகப் பெண்களைத் திருப்பி அனுப்பிய காலம் இந்தத் தொழிலில் இருந்தது, முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளுப்பாக்கிய படத்தைப் பார்த்துக் கூப்பிட்டு, நேரில் வேறு நிறத்தில் ஒரு பெண் வந்து நின்றால் வேலை நடக்காது. அந்த அவமானம் அவளுக்கு எதற்கு? அவள் நிறத்தைப் பார்த்தே கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும்.

தம்பியின் போனில் பியூட்டி, ஸ்மூத் என்று எது இருந்தாலும் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கக் கேமராவில்தான் எடுக்க வேண்டும், செல்ஃபி கூடாது. போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், அது பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று காது விளிம்பையும் பறக்கிற முடியையும் சேர்த்து அழிக்கும். ரொம்பப் பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்னால் போய் ஒளிந்த மாதிரியும் தெரியும். ஆறேழு அடி தள்ளி நின்று, 2x ஜூம் இருந்தால் அதில் வைத்து எடுங்கள். முழு உருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, போனை அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கி, சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். கீழேயிருந்து எடுத்தால் கால் நீளமாகத் தெரியும், தம்பிக்கும் அந்த ஆசை வரும். தினமும் இதையே பார்க்கிறவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய்க் கை பட்ட லென்ஸில் எல்லாப் படமும் பனி மூடிய மாதிரிதான் வரும்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. முந்தின நாள் தலைக்குக் குளித்து எண்ணெய் இல்லாமல் முடியை உலரவிடட்டும். இரண்டு நாள் முன்பிருந்தே மஞ்சள் பூச வேண்டாம், அந்த நிறம் அப்படியே படத்தில் விழும். புருவம் திருத்துவதானால் முந்தின நாள் போகாதீர்கள், சிவந்து தடித்திருக்கும். பொட்டு, மை, கம்மல், பூ எதுவும் வேண்டாம். மூக்குத்தி கழற்ற வராவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். உதடு வெடித்திருந்தால் கொஞ்சம் வாஸலின். பரு இருந்தால் இருக்கட்டும், தழும்பு, மச்சம் எதையும் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் சொல்லவில்லையே என்று ஆகும்.

உடை, உடம்போடு ஒட்டி நிற்கிற ஒற்றை நிற டி-ஷர்ட்டும் ஜீன்ஸும். எழுத்தோ படமோ போட்டது வேண்டாம். சுடிதாரும் தாவணியும் அழகுதான், ஆனால் உடம்பின் அமைப்பு அதில் தெரியாது. கையில்லாததுதான் போட வேண்டுமோ என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால், அரைக்கை போதும். செருப்பில்லாமல் நிற்கட்டும்.

எடுக்க வேண்டியவை கொஞ்சம்தான். முகம் நேராக, சிரிக்காமல் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று. இரண்டு பக்கவாட்டு முகம், பாதி திரும்பிய முகம் ஒன்று. முடியை அவிழ்த்துவிட்டும், பின்னால் இழுத்துக் கட்டியும். அப்புறம் முழு உருவம், முன், பக்கம், பின். கையைத் தொங்கவிட்டு இரண்டு காலிலும் சமமாக நின்றால் போதும். இடுப்பை ஒடிக்கிற வேலை எல்லாம் வேண்டாம்.

இதில் கஷ்டமானது இயல்பாக இருப்பதுதான். கேமராவைப் பார்த்ததும் நம் ஆட்கள் ஒன்று ரேஷன் கார்டு படத்துக்கு நிற்கிற மாதிரி விறைப்பார்கள், இல்லையென்றால் தலையைச் சாய்த்து உதட்டைக் குவிப்பார்கள். 'ஒன், டூ, த்ரீ' சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, மூச்சை விட்டுக் கண்ணைத் திறக்கும் அந்த நொடியில் எடுக்கட்டும். முகத்தில் இறுக்கம் இருக்காது. நீங்கள் பக்கத்தில் நின்று 'நேரா நில்லு, சிரி' என்று சொல்லிக்கொண்டிருக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. மாமனும் மருமகளும் பேசிக்கொண்டே எடுக்கட்டும், நீங்கள் உள்ளே போய் டீ போடுங்கள்.

அளவுகளை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். உயரத்துக்கு, சுவரோடு குதிகாலை ஒட்டி நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்துப் பென்சில் கோடு போட்டு டேப்பில் அளந்து சென்டிமீட்டரில் குறியுங்கள். காலையில் எழுந்ததும் அளந்தால் சாயங்காலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் போலக் கூடுதலாக வரும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். ஃபேஷன் ஷோ மேடையில், அதாவது ராம்ப்பில், நடக்கப் பெண்களுக்கு ஐந்தடி எட்டு அங்குலமும் அதற்கு மேலும் கேட்பது வழக்கம். விளம்பரப் படங்களுக்கு அவ்வளவு கறார் இல்லை. கூட்டி எழுதினால் முதல் சந்திப்பிலேயே டேப் வரும்.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்டது. உங்கள் மகள் தமிழும் மலையாளமும் தடுமாறாமல் பேசுவாள் இல்லையா? ஒரே துணிக்கடை விளம்பரத்தை இரண்டு மொழியிலும் எடுப்பது இங்கே சகஜம். வசனத்துக்கு வாய் அசைவு ஒத்துப்போகிற பெண் கிடைத்தால் அவர்களுக்கு வேலை பாதி. அரை நிமிடத்துக்கு ஒரு வீடியோவும் எடுங்கள். பெயர், வயது, உயரம், படிப்பு இவ்வளவையும் முதலில் தமிழில், அப்புறம் மலையாளத்தில் சொல்லட்டும். மெதுவாக ஒரு சுற்று சுற்றி நிற்கட்டும். கொச்சி ஏஜென்சிக்கு அனுப்புகையில் ஸ்டுடியோ ஆல்பத்தைவிட இதற்குத்தான் மதிப்பு என்பது என் எண்ணம்.

பணம் விஷயம். மாடலுக்கு வருகிற சம்பளத்தில் கமிஷன் எடுப்பதுதான் ஏஜென்சியின் பிழைப்பு. பதிவுக் கட்டணம், 'எங்கள் ஆளிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும்' என்று முதலிலேயே கை நீட்டினால் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்ஸ்டாகிராமில் தானாக வந்து 'செலக்ட் ஆகிவிட்டீர்கள்' என்பவர்கள், ராத்திரியில் வாட்ஸாப்பில் உள்ளாடையோடு படம் கேட்பவர்கள், இவர்களுக்குப் பதிலே போடக் கூடாது. நீச்சலுடைப் படம் கேட்கிற நிஜமான ஏஜென்சிகள் உண்டு, ஆனால் முதல் விண்ணப்பத்துக்கு அது இல்லாமலே அனுப்பலாம். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் வீட்டில் மறைக்காமல் சொல்லவும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடவும் அவளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். திட்டுவீர்கள் என்ற பயம்தான் மிரட்டுகிறவனுக்குப் பிடிமானம். 19 வயதுப் பெண், விண்ணப்பம் அவள் பெயரில், அவள் மின்னஞ்சலிலிருந்து போகட்டும். நேரில் கூப்பிட்டால் நீங்கள் கூடப் போங்கள், அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை இல்லை.

எனக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். என் எழுத்தைத் தெரியுமே தவிர என்னை உங்களுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஆணுக்கு மகளின் படத்தை அனுப்பக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு எனக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது.

நன்றாக வந்தவற்றில் எட்டுப் பத்தைப் பொறுக்கி, ஏஜென்சி சொன்ன படிவத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். படங்களைத் தம்பியின் போனிலிருந்து வாட்ஸாப்பில் வாங்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். அப்படித்தான் வாங்க முடியும் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராமலே போகலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆனால் முடியைக் கத்தரித்தாலோ உடம்பு ஏறி இறங்கினாலோ, இல்லை ஆறு மாதம் ஓடிவிட்டாலோ பழைய படங்களை அனுப்பக் கூடாது. மறுபடி சிட்அவுட்டில் நிறுத்திப் புதிதாக எடுங்கள்.