சன் கோரல் விரியவில்லையா? லைட்டை விடுங்கள், இரையைப் பாருங்கள்

கேள்வி: கல்முனையில் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கொழும்பில் வாங்கிய செம்மஞ்சள் சன் கோரல் (ஒரு வகைக் கடின முருகை) ஒரு மாதமாக விரியவே இல்லை. அடிப்பக்கம் சதை விலகி வெள்ளையாகத் தெரிகிறது. இன்னும் வலுவான லைட் போடட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோரல் பட்டினி கிடக்கிறது. தொட்டிகளில் வளரும் பெரும்பாலான முருகைகளின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கும். டூபாஸ்ட்ரேயா இனமான சன் கோரலில் அந்தப் பாசி கிடையாது. பிடித்துத் தின்றால்தான் உயிர். வெளிச்சம் கூடினால் கெடுதலே: சதை விலகிய இடத்தில் பச்சைப்பாசி ஏறிவிடும், பிறகு சதை மீண்டும் படர்வது கடினம். கல்லின் மறைவில், பம்ப் ஓட்டம் நன்றாகப் படும் இடத்தில் வையுங்கள்.

மூடிக் கிடப்பதை மணம் காட்டித்தான் எழுப்ப வேண்டும். மாலையில் லைட் அணைந்ததும், இறாலை நசுக்கிய நீரில் இரண்டு மூன்று மில்லிலீற்றரை சிரிஞ்சால் அதன் மேல் மெதுவாக விடுங்கள். 20, 30 நிமிடத்தில் சிறு கைகள் எட்டிப் பார்க்கலாம். பார்க்காவிட்டால் மறுநாளும் அதே நேரத்தில் செய்யுங்கள். பட்டினியில் சுருங்கியது ஒரு வாரம், இரண்டு வாரம்கூட எடுக்கும். மூடிய வாயில் இரையைத் திணிக்காதீர்கள், அங்கேயே அழுகிவிடும்.

உறைந்த மைசிஸ் (கூனி போன்ற சிற்றுயிர்) கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். உப்பிடாத பச்சைக் கூனி, இறால், கணவாய், மீன்சினை எல்லாமே ஆகும். 3 மில்லிமீற்றர் துண்டுகளாக அரிந்து, நன்கு கழுவி, ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டும் பிரித்து உறைய வையுங்கள். கூனிக் கருவாடு கூடாது. கோரலில் உள்ள ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே இரண்டு மூன்று துண்டு கொடுக்க வேண்டும்; பக்கத்து வாய் தின்றது இதற்குப் போதாது. தேறும்வரை தினமும், பிறகு வாரம் மூன்று முறை.

பலர் தோற்பது இரை கொடுக்காததால் மட்டுமல்ல, தொட்டி முழுக்கக் கொட்டுவதாலும்தான். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றி, கோரல் மேல் கவிழுங்கள். பம்பை நிறுத்திவிட்டுக் கழுத்து வழியே ஊட்டுங்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் தொட்டி இறாலும் துறவி நண்டும் வாய்க்குள் போனதையே பிடுங்கித் தின்னும். மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகே பம்பைப் போடுங்கள். வாரம் 20 லீற்றர் நீர் மாற்றுங்கள். இரைக் கழிவால் சேரும் நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இல்லாமல் இந்தக் கோரலை வைத்திருக்க நாம் சொல்லமாட்டோம்.

நீரைக் கடலில் எடுப்பவரானால் மாரியில் கவனம். வாவியின் முகத்துவாரம் திறந்து வெள்ளம் இறங்கும் நாட்களில் கரையோர நீர் உப்புக் குறைந்து கலங்கியிருக்கும். அடர்த்தி 1.025 இருக்க வேண்டும், 1.020 காட்டினால் ஊற்றாதீர்கள். கோடையிலேயே எடுத்து, உணவுக்குரிய பீப்பாயில் மூடி, இருட்டில் வைத்துக்கொள்வது சுலபம்.

கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் காலத்தில் தலையிடி வேறு. வெப்பம் 25, 26 பாகையில் நிற்பது நல்லது; 28ஐத் தாண்டவிடாதீர்கள். நீர்மட்டத்தின் மேல் மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் நீரும் வேகமாக வற்றும். வற்றியது நீர்தான், உப்பு அல்ல, ஆகவே உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். கடல்நீரையோ கிணற்று நீரையோ ஊற்றக் கூடாது. கரண்ட் நின்றால் உதவ, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வாய்கள் இரவில் முழுதாக விரிந்தால் தப்பிவிட்டது. விலகிய சதை திரும்பப் படர மாதங்கள் ஆகும். நன்றாகத் தின்றால் அடியில் புது மொட்டுகள் வரும், சில வேளை தொட்டியின் வேறு மூலையிலும் குஞ்சு முளைக்கும்.

ஒருவேளை இது செத்தால், பாசிக்குடாவிலோ காயான்கேணியிலோ முருகைக்கல் உடைத்து வராதீர்கள். இலங்கையில் அது சட்டப்படி குற்றம். கடின முருகைகள், அருகும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. முறைப்படி இறக்குமதியானதா என்று கடையில் பத்திரம் கேட்டு, கண்முன்னே இரை கொடுக்கச் சொல்லி, விரிவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.