யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு யமஹா எஃப்இசட்டின் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்கள்) மாட்டினால் ஓட்டம் கெடுமா?

டி, அதாவது ஃபோர்க் குழாய்களை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் பிடி, சரியாக அமையாவிட்டால் கெடும். எல்லோரும் ஃபோர்க் குழாயின் பருமனைத்தான் பார்க்கிறார்கள். எஃப்இசட்டில் அது 41 மி.மீ., முன்னால் நின்று பார்த்தாலே ஒரு கெத்து. ஆனால் வண்டி எப்படித் திரும்பும் என்பது அந்தக் குழாய்களைப் பிடித்திருக்கும் டி-யின் கையில் இருக்கிறது.

என் 92 மாடல் ஆர்எக்ஸுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் எஃப்இசட்டின் பழைய ஃபோர்க் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால், பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கும்போது டயர் சைலன்சர் வளைவில் உரசியது. சரி, சக்கரத்தை முன்னே தள்ளுவோம் என்று லேத் பட்டறையில் புது டி கடையச் சொன்னேன். டி-யின் நடுத்தண்டான ஸ்டெம்முக்கும் குழாய்களுக்கும் இடையே உள்ள தூரத்தை, அதாவது ஆஃப்செட்டை, 15 மி.மீ. கூட்டச் சொன்னது நான்தான். பட்டறைக்காரர் மேல் பிழையில்லை. வேகம் 60-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் கையிலேயே உதறியது.

ஸ்டெம்மின் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது ஓரிடத்தில் தொடும். டயர் அதற்குச் சற்றுப் பின்னால் தொடும். இந்த இடைவெளிதான் ட்ரெயில், வண்டியை நேரே இழுத்து வைப்பது. ஆஃப்செட் 15 மி.மீ. கூடினால் ட்ரெயில் 16, 17 மி.மீ. குறைந்துவிடும். ஃபோர்க் குட்டையாக இருந்து முன்பக்கம் தாழ்ந்தால் இன்னும் குறையும். எஃப்இசட்டின் 17 இஞ்ச் சக்கரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்: 100/80 டயர் போட்டால் மொத்த உயரம் ஆர்எக்ஸின் பழைய 2.50-18 டயர் அளவுக்கே வந்துவிடும்.

அப்புறம் பழைய ஆஃப்செட்டுக்கே திரும்பி, குழாய்களை டி-யில் 12 மி.மீ. கீழே இறக்கிப் பிடித்தேன். உரசலும் போனது, உதறலும் போனது.

ஸ்டெம்மை வெல்டிங் செய்து ஒட்டாதீர்கள். பிரஸ்ஸில் வைத்து இறுக்கமாக ஏற்றச் சொல்லுங்கள். கோன் செட் (ஸ்டெம் சுழல உதவும் பேரிங்) உட்காரும் விட்டத்தை வெர்னியரில் அளந்த பிறகே கடையக் கொடுங்கள். கோன் நட்டை இறுக்கியதும் முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்: ஹேண்டில் லேசாகத் தட்டினாலே ஒரு பக்கம் சாய வேண்டும், ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டினால் 'டொக்' என்று கேட்கக் கூடாது. ஆக்ஸில் நட்டைக் கடைசியாக, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி விட்ட பிறகு இறுக்குங்கள்.

2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். நான் கேட்காமல் செய்தேன், அதனால் ஆர்எக்ஸின் சொந்த ஃபோர்க்கை இன்னும் பரணில் வைத்திருக்கிறேன்.