ஹெல்மெட் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் சாரத்தில் நின்று வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்த கொத்தனாருக்குக் கால் வழுக்கிவிட்டது. பக்கத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். எல்லோருக்கும் ஹெல்மெட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். அது போதுமா? கட்டட வேலை தெரியாத நான் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஹெல்மெட் கட்டாயம் வாங்குங்கள். மேலிருந்து செங்கல்லோ கரண்டியோ விழுந்தால் அது தலையைக் காக்கும். ஆனால் ஆள் விழுவதை அது தடுக்காது. பெல்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, விழுபவரைப் பிடித்து நிறுத்தும் வேகத்திலேயே வயிற்றையும் முதுகெலும்பையும் சேதப்படுத்திவிடும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் கயிறு வழக்கமாக 1.8 மீட்டர். அதிர்ச்சியைத் தாங்க அதில் மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டர் நீளும். ஆளின் உயரத்தையும், தரையில் மோதாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதல் இடத்தையும் கூட்டினால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் நிற்பவர் காலடிக் கம்பில் கொக்கியை மாட்டியிருந்தால், கயிறு இறுகுவதற்குள் தரையில் இருப்பார். ஆடும் சாரக் கம்பில் மாட்டினால் கம்போடு சேர்ந்தே விழுவார்.

அதனால் ஒரு மாடி உயரத்துக்கு நான் முதலில் பார்ப்பது சாரத்தைத்தான். நிற்கும் இடம் ஒற்றைப் பலகையா, இடைவெளி இல்லாமல் பரப்பிய பலகைகளா? பலகைகளின் இரு முனையும் கட்டப்பட்டிருக்கிறதா? வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில், சுமார் ஒரு மீட்டரில், ஒரு கைப்பிடிக் கம்பு வேண்டும். அதற்கும் பலகைக்கும் நடுவே இன்னொரு கம்பு. செங்கல் உருண்டு விழாதபடி காலடியில் ஓரப் பலகை. சாரம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். சாரத்தின் கால்களுக்கு அடியில் செங்கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். மேலே ஏறும் முன் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும்.

அப்புறம், தளத்தில் விட்டிருக்கும் ஓட்டைகள். படிக்கட்டுக்கும் குழாய்க்கும் விட்ட இடைவெளிமேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு மூடிவிட்டதாக நினைப்பார்கள். ஒரு கட்டடத்தில் இதை நேரில் பார்த்தேன். வேறு வேலைக்குப் பலகை தேவைப்பட்டு ஒரு பையன் அதைத் தூக்கினான். கண்ணெதிரே பலகை மறைத்ததால் கீழே இருந்த ஓட்டை அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த அடியை அதற்குள்ளேயே வைத்தான். கீழே மணல் குவியல் இருந்ததால் கால் எலும்பு முறிவோடு போயிற்று. மூடியை ஆணி அடித்து இறுக்கி, மேலே பெரிதாக ‘ஓட்டை’ என்று பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்: வேலைக்கு எடுத்திருக்கும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? வழக்கமாக வீட்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்ச், மின்சாரம் அளவுக்கு மீறினால் விழுந்து வயரைக் காக்கும்; ஷாக் அடித்தவரின் உடலில் பாயும் சிறு மின்சாரத்துக்கு அது விழாது.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ கட்டப்போகிறீர்களா? அப்படியானால் இனி சொல்வதைத் தயவுசெய்து மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள். பள்ளம் தோண்டும்போது மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது; இரண்டு அடியாவது தள்ளிப் போட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். மார்பு வரை புதைந்தாலே, தலை வெளியே இருந்தாலும், மூச்சு விட முடியாமல் போகலாம். ஐந்து அடிக்கு மேல் ஆழம் என்றால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

அதைவிட நான் அதிகம் பயப்படுவது தொட்டி முடிந்த பிறகு. மேல்தளம் போட்டு, சிறு வாயை மூடி வைத்து, சில வாரம் கழித்து, கான்கிரீட்டைத் தாங்க உள்ளே அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் உள்ளே இறங்குவார். ஈரப் பலகைகள் மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். வெளிக்காற்றில் அது சுமார் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே அது ஆள் இறங்கக் கூடாத இடம். மிகவும் குறைந்திருந்தால் ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும். வாசனை இருக்காது, மூச்சு முட்டுவதாகக்கூடத் தோன்றாது. அவர் சரிந்ததைப் பார்த்து இன்னொருவர் இறங்குவார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். ஒரே தொட்டியில் பலர் இறப்பது இப்படித்தான்.

வாயைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. புளோயரின் குழாயை அடி வரை விட்டு நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். வாயு அளக்கும் கருவியால் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பார்த்த பிறகே இறங்கலாம். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள். ஆளுக்குப் போதாத காற்றிலும் அது எரியும். இறங்குபவர் முழு உடல் பெல்ட் போட்டு, கயிற்றின் மறுமுனை மேலே இருக்கும் தூக்கும் கருவியில் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் பெல்ட் உண்மையில் இங்கேதான் உயிரைக் காக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வேறு யாரும் இறங்காமல், கயிற்றால் தூக்கப் பாருங்கள், காற்றை அடித்துக்கொண்டே இருங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டு எதனால் வழுக்கியது என்று கேளுங்கள். பலகையில் கலவை சிந்தியிருந்ததா, பலகை ஆடியதா, எட்டாத இடத்துக்கு எட்டிப் பூசினாரா? குறை சொல்ல வருகிறீர்கள் என்று அவர் நினைத்துவிடாதபடி கேளுங்கள். சாரத்தைச் சரிசெய்ய ஒரு நாள் வேலை நின்றால், அந்த நாள் கூலியைத் தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.