ஆன்டெனாவை மாற்றலாமா?

கேள்வி: நான் செய்யும் வானிலைக் கருவியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மாட்யூல் இருக்கிறது. 2 டிபிஐ (ஆன்டெனா அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு, அதாவது பெருக்கம்) ஆன்டெனா மட்டுமே போட வேண்டும், மனிதர்களிடமிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்கிறது அதன் கையேடு. 9 டிபிஐ போட்டால் ஆபத்தா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மாட்யூல் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 டிபிஐ ஆன்டெனாவுடன், 20 செ.மீ. தொலைவில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.3 வாட் வரும். 9 டிபிஐ என்றால் 1.6 வாட். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10 வாட். ஆகவே அந்தத் தொலைவில் பயம் வேண்டாம். ஆனால் அதே கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது. உடல் திசு உறிஞ்சும் ஆற்றலை, எஸ்ஏஆர் என்பார்களே, அதைச் சோதனைக்கூடத்தில் அளந்தே தீர வேண்டும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மாட்யூலுக்குச் சான்று கொடுப்பது ஆன்டெனாவோடு சேர்த்துத்தான். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி, அதே வகையில் அதே பெருக்கமோ குறைவோ உள்ளதைப் போடலாம். கூடினால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர் சேர்ந்து இயங்கினால் இரண்டின் கதிர்வீச்சையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சிக்னல் எட்டவில்லையா? முதலில் ஆன்டெனாவை உலோகப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள், கேபிளைக் குட்டையாக்குங்கள். அப்புறம் கருவியை உயரத்தில் வைத்துப் பாருங்கள்.